நாலாவது ஹவரில் காளான்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுத என்ன இருக்கிறது? நான் அவரைப் பார்த்த நேரத்தில் முக்கால்வாசி நேரம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிற ஆளைப் பற்றி எழுதினால் படிக்கிறவனும் தூங்கித்தான் போவான். ஆனால் இன்று மழை பிடித்துக்கொண்டது. சிமெண்ட் மூட்டையை நனைய விட்டால் கடைக்காரர் என்னைக் கரைத்துவிடுவார். லோடு ஏற்றாமல் வண்டிக்குள்ளேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? சரி, எழுதித் தொலைப்போம்.

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். கல்லூரியில் எல்லோரும் அவரை ‘ஷிப்ட்டண்ணே’ என்றுதான் கூப்பிட்டோம். அந்தப் பேரை வைத்தது நான்தான். மூன்று வருசம் கல்லூரிக்குப் போய் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் அவருக்கு முழு நைட்டு வேலை. ராத்திரி பன்னிரண்டுக்கு உள்ளே போனால் காலை எட்டுக்கு வெளியே வருவார். வீட்டுக்குப் போய்க் குளித்து, இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே பஸ் ஏறி, பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு பி.காம். வகுப்பில் உட்காருவார். எங்களுக்கு மீசை அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. முதல் நாள் அவர் வகுப்புக்குள் வந்தபோது, வாத்தியார் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், யாருக்காக நிற்கிறோம் என்று.

தலைமுடியில் எப்போதும் பஞ்சு இருக்கும். எத்தனை தடவை குளித்தாலும் காதோரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

“அண்ணே, சேத்து வச்சா ஒரு தலகாணிக்கு ஆகும்ணே” என்பேன்.

“எடுத்துக்கோ தம்பி. நாளைக்கும் வரும்.”

கோபமே வராது. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அந்தத் தெம்பை அவர் வேறு எதற்கோ மிச்சம் பிடித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

தூங்குவதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார மாட்டார். தூங்குகிறவனைத் தேடி வாத்தியார்கள் முதலில் போவது அங்கேதான் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சில் தூணை ஒட்டி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பேனாவை விரல்களுக்கு நடுவே நிறுத்தி, முதுகு வளையாமல் தூங்குவார். தூரத்திலிருந்து பார்த்தால் ரொம்ப ஆழமாகப் பாடத்தைக் கவனிக்கிற மாதிரி இருக்கும். ஒரு வாத்தியார் என்னைத் திட்டும்போது, “அந்த அண்ணனப் பாருலே, கண்ண மூடிக்கிட்டு எம்புட்டு ஊன்றிக் கேக்காரு” என்றார். ஜெபராஜ் பெஞ்சுக்கு அடியில் குனிந்து சிரித்ததில் மண்டையில் இடித்துக்கொண்டான். ஜெபராஜ் என் சிநேகிதன். சுந்தரபாண்டியத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகம் என்கிற பகுதியில் அறை எடுத்துத் தங்கி, நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தவன்.

அண்ணனிடம் எதைச் சொன்னாலும் திருப்பி ஒரே கேள்விதான் வரும். “எத்தன மணிக்கு?” கல்யாணம் என்றால் எத்தன மணிக்கு. கிரிக்கெட் என்றால் எத்தன மணிக்கு. ஒரு நாள் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் காதுக்குள் போய், “அண்ணே, இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல ஒரு புள்ள உங்களத்தான் சுத்திச் சுத்தி வருதாம்ணே” என்றேன். கண்ணைத் திறக்காமலே, “எத்தன மணிக்கு?” என்றார். அதைக் கல்லூரி முழுக்கச் சொல்லி ஒரு மாசம் ஓட்டினேன்.

இப்படிக் கஷ்டப்படுவதற்கு அஞ்சல் வழியில் படித்திருக்கலாமே என்று ஜெபராஜ் ஒருமுறை கேட்டான்.

“படிச்சேனே. புஸ்தகமெல்லாம் கட்டா வந்துச்சு. நல்ல கனம். தலைக்கு வச்சுப் படுத்தேன். அம்புட்டுத்தான். இங்கனன்னா மணி அடிச்சா உக்காந்துதான ஆகணும்.”

சொன்ன இடம் மடவார் வளாகத்து டீக்கடை. கையில் டீயைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண்ணயர்ந்தார். டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கண் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்.

“மில்லுல வருகைக் கணக்கு எழுதுற டைம் ஆபீஸ்ல ஒருத்தரு வயசாகிப் போறாரு. அந்தச் சீட்டு காலியாவுது. ஒம்பதுலருந்து அஞ்சர வரைக்கும்தான். டிகிரி வேணும்கறாரு மேனேஜரு. எந்த டிகிரினாலும் சரியாம். நீ படிச்சு முடிக்கிற மே மாசம் வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன், அதுக்கு மேல ஏலாதுன்னுட்டாரு.”

“சம்பளம் கூடவாண்ணே?” என்றான் ஜெபராஜ்.

“கம்மிதான். நைட்டுப் படி கிடையாதுல்ல.”

“பொறவு எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு?”

அவர் அவனை ஏதோ சின்னப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “ராத்திரி தூங்கணும்லே.”

இதுதான் அவருடைய லட்சியம். நான் அதுவரை கேள்விப்பட்ட லட்சியங்களிலேயே எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அவர் கணக்கு எளிமையானது. எங்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ஹவர். கடைசி ஹவர் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர்ந்தால் அவருக்கு ஒரு தூக்கம். கடைசி ஹவர் இல்லாவிட்டால் கொஞ்சம் பெரிய தூக்கம். எங்கள் கல்லூரியில் கிழமை எல்லாம் பார்ப்பதில்லை. டே ஆர்டர்தான். ஒன்று முதல் ஆறு வரை சுற்றிச் சுற்றி வரும். இன்றைக்கு என்ன கிழமை என்று அவரைக் கேட்டால் முழிப்பார். என்ன டே ஆர்டர் என்றால் தூக்கத்திலேயே சொல்லுவார். ஆடித் தேரன்று ஊரே ரத வீதியில் இருக்க, உள்ளூர் விடுமுறை என்பதே தெரியாமல் அவர் மட்டும் கூட்டத்தில் நசுங்கிக் கல்லூரிக்கு வந்து, பூட்டிய வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். வாட்ச்மேன் எழுப்பி, “தம்பி, இன்னைக்குத் தேரு” என்றதற்கு, “அப்ப நாளைக்கு டே ஆர்டர் மாறாதுல்ல?” என்று கேட்டாராம்.

மூன்றாம் வருசம் தொடங்கிய வாரம் எங்கள் துறைத் தலைவி மேடம் வகுப்புக்கு வந்தார். கடைசி வருசத்துக்கு எந்த எலக்டிவ் பேப்பர் வேண்டும் என்று நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பலகையில் மூன்று பேப்பர் போடுவார்கள். அதில் எந்த வாத்தியாருக்கு நேரம் இருக்கிறதோ அது நடக்கும். தேர்வு செய்வது நாங்கள், நடத்துவது அவர்கள் இஷ்டம். இந்தத் தடவை மேடம், “எங்களக் கேக்காமப் போட்டுட்டாங்கன்னு பொறவு எவனும் வந்து நிக்கக் கூடாது. எழுதிக் குடுங்க” என்றார்.

நான் எழுந்தேன். “மேடம், இதுல எத எடுத்தா வேல கிடைக்கும்?”

“உனக்கா? எத எடுத்தாலும் கிடைக்காது. உக்காரு.”

வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு தூண் பக்கமிருந்து ஒரு குரல்.

“மேடம், இதுல எது எத்தனாவது ஹவர்?”

“டைம்டேபிளப் பாத்தா பாடத்த எடுப்பீங்க?”

“ஆமா மேடம்” என்றார் அண்ணன். அந்த ‘ஆமா’வில் பயமும் இல்லை, குறும்பும் இல்லை. மேடம் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாணவன் உண்மையைச் சொல்லிவிட்டான் போல.

வில்லங்கமும் அந்த ஹவர் பார்க்கிற புத்தியால்தான் வந்தது.

கடைசி வருசம் என்பதால் மேடம் ஒவ்வொருவருக்கும் டிகிரிக்கு வேண்டிய கிரெடிட் சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்தார். அண்ணனைக் கூப்பிட்டார். எனக்கும் சில பாக்கி இருந்ததால் நானும் பக்கத்தில் நின்றேன்.

“உங்களுக்கு ஒரு நான்-மேஜர் குறையுதே.”

நான்-மேஜர் என்றால் வேறு துறையில் போய்ப் படிக்கிற ஒரு பேப்பர். பி.காம். படிக்கிறவன் வரலாறோ தாவரவியலோ ஒன்று எடுத்து முடித்தாக வேண்டும். அது இல்லாமல் டிகிரி கிடையாது.

“எடுத்தேனே மேடம். போன வருசம். நல்ல மார்க்கு.”

“எதுல?”

“அடிப்படைக் கணக்கியல்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “அது நம்ம டிபார்ட்மெண்ட் மத்தவங்களுக்கு நடத்துற பேப்பருய்யா. வரலாறு, இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு. காமர்ஸ்காரரு நீங்க அதுல போயி எப்படி உக்காந்தீங்க?”

“மூணாவது ஹவர் மேடம். மத்ததெல்லாம் கடைசி ஹவரா இருந்துச்சு.”

நடந்தது இதுதான். வரவு எது, பற்று எது என்று தெரியாமல் வரலாற்றுப் பிள்ளைகள் திண்டாடுகிற வகுப்பில், இவர் போய் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு ஆளாவது பதில் சொல்கிறானே என்று வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். நீ இங்கே இருக்கலாமா என்று யாருமே கேட்கவில்லை. ஆபீஸிலும் பேரை ஏற்றிவிட்டார்கள்.

“சொந்த வீட்டு விசேசத்துக்கே விருந்தாளியாப் போயி மொதப் பந்தியில உக்காந்திருக்கீங்களேண்ணே” என்றேன்.

“செத்த சும்மா இருலே” என்றார் மேடம் என்னைப் பார்த்து. பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னார்: “அந்த மார்க்கு செல்லாது. ரெண்டாம் வருசப் பிள்ளைகளோட உக்காந்து வேற துறைப் பேப்பர் ஒண்ணு இந்த செமஸ்டர்லயே முடிக்கணும். விட்டா அடுத்த வருசம்தான்.”

அடுத்த வருசம் என்றால் அந்தச் சீட்டில் வேறொருத்தன் உட்கார்ந்திருப்பான். அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் கேட்டார். “எத்தனாவது ஹவர் மேடம்?”

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டைம்டேபிளை ஜெபராஜ்தான் தன் அறையில் விரித்துவைத்துப் பார்த்தான். சுற்றுலா பேப்பர் எங்கள் மெயின் பேப்பரோடு மோதியது. கம்ப்யூட்டரும் அப்படியே. யோகா காலையிலேயே, மில் சங்கு ஊதுவதற்கு முன்னால். கடைசியில் மிஞ்சியது தாவரவியல் துறையின் ‘காளான் வளர்ப்பு’ ஒன்றுதான். நாலாவது ஹவர், சாப்பாடு முடிந்த உடனே. எங்களுக்கு அந்த நேரம் நூலகம், அதாவது ஒன்றுமில்லை.

தாவரவியல் சாரைப் போய்ப் பார்த்தோம். ஒல்லியான மனுசர். காளான் பேச்சை எடுத்ததும் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

“பதினஞ்சு பேராவது சேந்தாத்தான் நடத்த விடுவாங்க தம்பி. இப்பக் கையில நாலு பேரு. எல்லாவனும் சுற்றுலாவுக்குப் போயிட்டான், குத்தாலம் கூட்டிட்டுப் போவாங்கன்னு. திங்கக்கிழமை லிஸ்ட் மூடிருவாங்க.”

வெளியே வந்து அண்ணன் சொன்னார்: “சரி, விடுங்கப்பா.” சொல்லிவிட்டு வராந்தாத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஒரு தோல்வியைத் தாங்கவும் தூக்கம்தான் தேவைப்பட்டது.

எனக்குப் படிப்புதான் வராது. ஓட்டுக் கேட்க வரும். எங்கள் தெருவில் வார்டு தேர்தல் நடந்தபோது எதிரெதிராக நின்ற ரெண்டு பேருக்கும் நான்தான் கோஷம் போட்டேன். ஜெபராஜை இழுத்துக்கொண்டு ரெண்டாம் வருச வகுப்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். “அன்பார்ந்த தம்பி தங்கைகளே! குத்தாலத்துல என்ன இருக்கு? தண்ணி! அது நம்ம வீட்டுக் குழாய்லயும் வருது, வாரத்துக்கு ஒருக்க. காளான் எடுங்க! பிராக்டிகல்னா பிரியாணி! மார்க்கு போட்டது போக மிச்சத்தத் திங்கலாம்!” ஜெபராஜ் கதவுக்கு வெளியே நின்று, என்னைத் தெரியாதவன் மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில பேர் சிரித்தார்கள். பேர் கொடுத்தது ரெண்டு பேர்.

இங்கிலீஷ் வகுப்பில் வ. புதுப்பட்டியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழுந்து நின்றது. “எங்க வீட்டு வைக்கப்படப்புல மழ பேஞ்சா காளான் தன்னால மொளைக்கி. அதுக்கு எதுக்குண்ணே பரீட்ச எழுதணும்?”

வகுப்பே கைதட்டியது. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் டெபாசிட் போனது. வேறு வழியில்லாமல், வெளியே பாதித் தூக்கத்தில் நின்ற அண்ணனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து மேடையில் நிறுத்தினேன். “வேட்பாளரே பேசுவாரு” என்றேன்.

அவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“எனக்குக் காளான் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. பிரியாணியெல்லாம் இவன் அள்ளி விடுதான். நாலாவது ஹவர். எனக்கு அந்த நேரம்தான் தோதுப்படுது. ஆளு சேரலன்னா நடத்த மாட்டாங்களாம். உங்களுக்கும் தோதுப்பட்டா வாங்க. சாப்பிட்டு வந்த நேரம், தூக்கம் வரத்தான் செய்யும். அத இப்பவே சொல்லிருதேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இதைவிட மோசமாக ஒரு ஓட்டு கேட்க முடியாது.

புதுப்பட்டிப் பிள்ளை உட்காரவில்லை. “ஆள் சேரலன்னா உங்களுக்கு என்னண்ணே ஆகும்?”

“டிகிரி வராது. இன்னும் நைட்டுதான்.”

“வந்தா?”

“ராத்திரி தூங்கலாம்மா.”

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் அவர் காதோரத்துப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து, “ஏட்டி, பேனாவ எடுங்கடி. குத்தாலம் எங்கயும் ஓடிப் போயிராது” என்றது.

அந்த வரிசை முழுக்கப் பேர் கொடுத்தது. இன்னும் ஒருத்தர் குறைந்தார். எனக்கு முந்தின வருசம் சுற்றுலா பேப்பர் பெயிலாகியிருந்ததால், அதற்குப் பதிலாகக் காளானில் என் பேரையும் எழுதிவிட்டேன். தாவரவியல் சார் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, “நெசமாவே காளானுக்கா?” என்று ரெண்டு தடவை கேட்டார்.

துறைக்குப் பின்னால் பச்சை வலையும் சாக்கும் கட்டிய ஒரு கொட்டகை. அதுதான் வகுப்பு. வேகவைத்த வைக்கோலைப் பாலிதீன் பைக்குள் அடுக்கி, நடுநடுவே காளான் விதையைத் தூவி, கட்டித் தொங்கவிட வேண்டும். சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருட்டு. குளுகுளுவென்றிருக்கும். சத்தம் வராது. சார் விளக்கிக்கொண்டே போனார்: “காளானுக்கு மூணு வேணும். இருட்டு, குளிர்ச்சி, யாரும் போட்டு அசைக்கக் கூடாது.”

“அண்ணனுக்கும் அதே மூணுதான் சார்” என்றேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் வைக்கோல் கட்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சார் குரலைத் தணித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த செமஸ்டர் முழுக்கப் பாடம் ரகசியம் பேசுகிற குரலிலேயே நடந்தது.

ஒவ்வொரு பைக்கும் விதை போட்ட தேதியை எழுதி ஒரு அட்டை கட்டுவோம். ஒரு நாள் அவர் தூங்கும்போது சட்டைப் பொத்தானில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டேன். ‘விதை போட்டது: இன்று. தண்ணீர் தெளிக்கவும்.’ அவர் கவனிக்காமல் அப்படியே பஸ் ஏறி ராஜபாளையம் போய்விட்டார். மறுநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்டக்டர் கேட்டாரு.”

“என்னண்ணே?”

“எப்ப அறுவடைன்னு.”

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பும் பாதியில் கொட்டாவியாக மாறிவிட்டது.

பரீட்சை காலை வேளையில் வந்தது. முந்தின ராத்திரிக்கு லீவு கேட்டிருக்கிறார். ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். எட்டு மணிக்கு மில்லை விட்டவர் குளிக்கக்கூட இல்லாமல் நேராக வந்திருந்தார். தலை, புருவம் எல்லாம் பஞ்சு. வினாத்தாளை வாங்கினார். முதல் பக்கம் எழுதினார். அப்புறம் பேனா நின்றது. விரல்களுக்கு நடுவே பேனா, நிமிர்ந்த முதுகு. மேற்பார்வைக்கு வந்தவர் வேறு துறை சார். அவருக்கு இது யோசனை பண்ணுகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

நான் இருமினேன். “தண்ணி வேணுமா?” என்றார் சார். ஸ்கேலைக் கீழே போட்டேன். முறைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அசையவில்லை. கடிகாரம் மட்டும் நடந்தது.

திடீரென்று டமார் என்று ஒரு சத்தம். புதுப்பட்டிப் பிள்ளையின் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் தரையில் விழுந்து, உருண்டு, அண்ணன் பெஞ்சுக் காலில் முட்டி நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

“மணி எத்தன?”

“பதினொண்ணேகால். பேப்பரப் பாத்து எழுதுங்க” என்றார் சார்.

அண்ணன் எழுதினார். அரை மணி நேரம் ஓடியது. பேனா மறுபடி நின்றது. பாட்டில் மறுபடி விழுந்தது.

“என்னம்மா இது?”

“கை வழுக்குது சார்.”

சார் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்துவிட்டார். போச்சு. பிள்ளை என்னைப் பார்த்தது. நான் பிள்ளையைப் பார்த்தேன். மூன்றாவது தடவையாக அண்ணனின் பேனா நின்றபோது எங்கள் ரெண்டு பேரிடமும் கீழே போட எதுவும் இல்லை.

சார் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் பார்வை போன பக்கம் பார்த்தார். எழுந்து மெதுவாக அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பஞ்சை, மூடிய கண்ணை, பாதி எழுதிய தாளைப் பார்த்தார். பெஞ்சில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு மணி அடிக்கும் வரைக்கும் அவர் வேறு வரிசைக்குப் போகவே இல்லை. அந்த ஒரு வரிசையிலேயே மேலும் கீழும் நடந்தார். செருப்பைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

அண்ணன் பாஸ். ஒட்டி உரசித்தான், ஆனாலும் பாஸ். மே மாசம் மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக மில்லுக்குப் போனார். எனக்கும் காளான் பாஸ். மற்றதெல்லாம் ஊற்றிக்கொண்டது. நான் டிகிரியை விட்டுவிட்டு லோடு வண்டி ஓட்ட வந்துவிட்டேன். ஜெபராஜ் தூத்துக்குடியில் ஒரு நிதி நிறுவனத்தில் சேர்ந்தான்.

டைம் ஆபீஸில் உட்கார்ந்த புதிதில் அண்ணன் பழக்க தோசத்தில் ராத்திரி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவாராம். மதினிதான் பிடித்து உட்கார வைத்து, “நீங்க இப்ப ஆபீஸர்ங்க” என்று சொல்லுவாராம். கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோயில் கொடை, கல்யாணம், கிரிக்கெட் பைனல், எதற்குப் போன் அடித்தாலும் மதினிதான் எடுத்தார். எனக்கே கொஞ்சம் எரிச்சல் வந்தது. இந்த ஆளுக்காக ஓட்டுக் கேட்டு அலைந்தோமே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

போன மாசம் ஜெபராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. “நான் லீவு போட்டு வர ஏலாதுலே. அண்ணனுக்கு நீயே நேர்ல போய்ப் பத்திரிகை வச்சிரு” என்றான். முதல் ஞாயிற்றுக்கிழமை போனேன். தூங்குகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். நல்ல மத்தியானம். வாசற்படியில் அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தது.

மதினி வந்தார். “வாங்க தம்பி. அவிய உள்ளதான் இருக்காவ. இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்தாவ.”

கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் பாய். மேலே மின்விசிறி. அண்ணன் மல்லாந்து, கையைக் காலை நாலு பக்கமும் வீசிப்போட்டு, வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். வகுப்பில், பஸ்ஸில், டீக்கடையில், கொட்டகையில் என்று அவர் தூங்கி நான் பார்க்காத இடமில்லை. படுத்துத் தூங்கிப் பார்த்ததில்லை. இவ்வளவு நீளமான ஆள் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

“ரெண்டாவது தடவையா வாரீங்க. எழுப்பவா தம்பி?” மதினி கதவில் கை வைத்துவிட்டார்.

“செத்த பொறுங்க மதினி” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து ஜெபராஜுக்குச் செய்தி தட்டினேன். அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கேன், நல்லாப் படுத்துத் தூங்குதாரு, மதினி எழுப்பட்டுமான்னு கேக்காவ, என்ன சொல்ல?

அவன் உடனே பதில் போட்டான்.

“எழுப்பிராதலே.”